நிழல்காரர்

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தைச் சுவரோடு ஒட்டவைத்து, பலகையில் தொங்கும் ஸ்பேனர்கள் எல்லாம் ஒரே நேராக நிற்கின்றனவா என்று பார்க்கிறார். காலை எட்டரைக்கு ஒரு தடவை, மாலை நாலு மணிக்கு ஒரு தடவை. காதில் சாக்பீஸ், கக்கத்தில் நோட்டு. பம்பு செய்கிற எங்கள் கம்பெனியில் அவருக்கு நிழல்காரர் என்று பெயர்.

நிழல் என்றதும் பேய் பிசாசு என்று நினைக்க வேண்டாம். மூன்று வருடம் முன்புவரை எங்கள் கருவிகள் எல்லாம் ஓர் இரும்பு டிரம்மில் கிடந்தன. ஸ்பேனர் வேண்டுமென்றால் தோள்வரை கையை விட்டுத் துழாவ வேண்டும். அகப்படுவதற்குள் டீ நேரம் வந்துவிடும். சுகமாகத்தான் இருந்தது. அப்புறம் வெளியிலிருந்து நாலு பேர் வந்தார்கள். சுவரில் பலகை அடித்து, ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் கறுப்பாக வரைந்து, அதனதன் நிழலில் அதது தொங்க வேண்டும் என்றார்கள். தள்ளுவண்டி தாண்டக் கூடாதென்று தரையில் மஞ்சள் கோடு போட்டார்கள். கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார்கள். மறுவாரமே பாதிக் கருவி டிரம்முக்குத் திரும்பிவிட்டது. அதில் என் கையும் உண்டு.

இது சரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றார் மேனேஜர். பெயிண்ட் அறையில் இருபது வருடம் ஸ்பிரே அடித்து, மூச்சு விட்டாலே விசில் சத்தம் கேட்கும் நெஞ்சோடு இருந்த இவர்தான் முதலில் கை தூக்கினார். மேனேஜர் ஒரு கணக்கு வைத்தார். மூன்று மாதம் தொடர்ந்து ஒரு தப்பும் நடக்காவிட்டால் மாற்றம் வேர் பிடித்துவிட்டது என்று பொருள். அதோடு அந்த வேலை கிடையாது. இவர் பெயிண்ட் அறைக்கே போக வேண்டியதுதான்.

அவர் யாரையும் திட்ட மாட்டார். கருவியை மாற்றி வைத்தவன் பக்கத்தில் போய் நிற்பார், அவ்வளவுதான். என் லேத்துக்குப் பக்கத்தில் ஒரு பகல் முழுக்க நின்றார். கழிப்பறைக்குப் போனேன், கதவுக்கு வெளியே நின்றார். "பழைய புத்தி எட்டிப் பாக்குது அண்ணே. நான் ஒண்ணும் சொல்லல." என்னைவிட எட்டு வயது மூத்தவர்; எல்லோரும் அவருக்கு அண்ணன்தான்.

வீட்டையும் விட்டுவைக்கவில்லை. கரண்டிக்கு நிழல், விளக்குமாற்றுக்கு நிழல். மாமனார் நாற்காலியைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டதில் கிழவர் வீம்புக்குக் கோட்டுக்கு வெளியிலேயே உட்கார்ந்து தின்கிறாராம். மனைவி ஒரே ஒரு தடவைதான் பேசினாராம்: "என்னையும் சுவத்துல வரைஞ்சிடுங்க. நான் எங்க நிக்கணும்னு தெரிஞ்சுக்கிறேன்."

வினை அவருடைய திறமையால்தான் வந்தது. நாளைக்கு நாற்பது தப்பு என்றிருந்தது நாலாகி, ஒன்றாகி, நின்றே போயிற்று. இரண்டரை மாதமாக நோட்டில் வெறும் சைபர். ஒரு நாள் என் காதருகே வந்து, "ஒரே ஒரு ஸ்பேனரை மாத்தி மாட்டுங்கண்ணே, புண்ணியமாப் போகும்" என்றார். பேசாமல் நீங்களே ஒரு தப்பு எழுதிக்கொள்ளுங்களேன் என்றேன். நடக்காததை எழுதச் சொன்னதற்காக மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

சரி, மனுஷன் நெஞ்சு தாங்காது என்று மாற்றி மாட்டினேன். நாலு மணிக்கு அவர் வந்து பார்த்தால் ஸ்பேனர் அதன் நிழலில் தொங்குகிறது. மாட்டியது நான்தான், எப்போது என்று எனக்கே தெரியவில்லை. வெல்டர் வண்டியைக் கோட்டுக்கு வெளியே விட்டார். கூட்டுகிற அக்கா வழக்கம்போல் உள்ளே தள்ளிவிட்டுப் போனார். இப்படித் தனித்தனியாகத் தப்புச் செய்தால் வேலைக்காகாது என்று எல்லோரும் கூடிப் பேசி, யார் எந்த நாளில் தப்புச் செய்வது என்று பட்டியல் போட்டோம். கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டி, முடித்தவர் கையெழுத்துப் போடப் பென்சிலும் கட்டினோம். யாரோ பென்சிலுக்கும் நிழல் வரைந்துவிட்டார்கள். கையெழுத்து மட்டும் ஒன்றும் விழவில்லை.

கடைசி நாள். நாலு மணிச் சுற்றுக்கு மேனேஜரே வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் கண்ணால் ஒரு தப்பைப் பார்த்தால் போதும், மூன்று மாதக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். நாலடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது சுத்தியலை ரம்பத்தின் நிழலிலும், ரம்பத்தைச் சுத்தியலின் நிழலிலும் மாட்டினேன். என்னை நம்பாமல் வெல்டர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கூட்டுகிற அக்காவை டீ குடிக்க அனுப்பியாயிற்று. நிழல்காரர் தூரத்திலிருந்தே பலகையைப் பார்த்துவிட்டு, எங்களைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்தார். அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

மேனேஜரும் அவரும் பலகைக்கு முன்னால் வந்து நின்றார்கள். மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார்.

நிழல்காரர் கை நீண்டது. ரம்பத்தைக் கழற்றியது, சுத்தியலைக் கழற்றியது, இரண்டையும் அதனதன் இடத்தில் மாட்டியது. ஆடிக்கொண்டிருந்த சுத்தியலை விரல் நுனியால் தொட்டு நிறுத்தினார். பிறகு கன்னத்தைச் சுவரோடு ஒட்டவைத்து, ஒரு கண்ணை மூடி, நேராக இருக்கிறதா என்று பார்த்தார்.