தர்ஷினிக்குப் பாடகன் எழுதிய கடிதம்

அந்தப் புத்தகங்களைப் பிரித்தால் சவர்க்கார வாசனை வரும். குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்த அம்மா, ஆண்டுக்கொருமுறை அனுப்பும் பெட்டியில், சவர்க்காரக் கட்டிகளுக்கும் பால்மாப் பொதிகளுக்கும் நடுவே அவற்றை அடுக்கியிருந்தார். அந்த வீட்டுப் பெண் படித்துவிட்டு வேண்டாமென்று போட்ட மூன்று ஆங்கில நாவல்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. "இங்கிலீசு பொஸ்தகம், புள்ள படிக்கட்டும்" என்று தொலைபேசியில் சொன்னார். மூன்றிலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான்: சாதாரண வீட்டுப் பெண் ஒருத்தி, ஊரே கொண்டாடும் பாப் பாடகன் ஒருவன், தற்செயலாக ஒரு சந்திப்பு, யாருக்கும் தெரியாத காதல். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்து அறையில், வருகிறவர் கண்ணில் படும்படி அப்பா அவற்றை வானொலிப் பெட்டியின் மேல் வைத்திருந்தார். உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்கும் தெரியாது.

நான் அப்போது பதினோராம் வகுப்பு. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஓர் அத்தியாயமாகத் தமிழில் ஒரு நீளக் கொப்பியில் எழுதுவேன். புத்தகங்களோடு கிடந்து அதற்கும் சவர்க்கார வாசனை ஏறியிருந்தது. திங்கட்கிழமை அது வகுப்பில் ஏழு பெண்களின் கைகளைச் சுற்றிவரும். நாயகியின் பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லை என்பதால் ஒரு வழக்கம் உண்டானது: அத்தியாயத்துக்கு ஒருத்தி நாயகி. "இந்த வாரம் பாட்டுக்காரன்கிட்ட யாருடீ மாட்டுனது?" என்று கேட்டுக்கொண்டே கொப்பியைப் பிடுங்குவார்கள். யாரும் பார்த்திராத ஊர்களை நான் பதுளையாக்கினேன். ஏரி துன்ஹிந்த நீர்வீழ்ச்சியானது. ரயில் நிலையம் பஸ் ஸ்டாண்டானது. முத்தங்களை மட்டும் அகராதியில் சொல் கிடைக்காததுபோல் விட்டுவிடுவேன்.

ஒன்பதாவது அத்தியாயம் தர்ஷினியின் முறை. எங்கள் லயத்திலேயே மூன்று கதவு தள்ளி இருந்தவள். அந்த அத்தியாயத்தில் பாடகன் நாயகிக்கு ஒரு கடிதம் எழுதுகிறான். ஒரு முழுப் பக்கம், வேறொன்றும் இல்லை. "அன்புள்ள தர்ஷினி, சனிக்கிழமை பத்து மணிக்குப் பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு வா. நீலச் சட்டையில் நிற்பேன். வீட்டில் யாருக்கும் சொல்லாதே." அவள் அந்தப் பக்கத்தை என்னிடம் கேட்டு வாங்கி, கிழித்து, கொம்பாஸ் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை மாலை, பாடசாலைப் படிவமொன்றில் கையெழுத்துப் போடப் பேனை தேடிய அவளுடைய அப்பா முத்தையா மாமா, அந்தப் பெட்டியைத் திறந்தார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் பதுளைக்கு டியூஷன் வகுப்புக்குப் போய்வந்தாள். போன மாதம் கோயில் திருவிழாவுக்குப் பண்டாரவளையிலிருந்து வந்த இசைக்குழுவில் பாடிய பையனை அவள் முன்வரிசையில் நின்று பார்த்ததை அவர் கண்டிருந்தார். கடிதத்தோடு சேர்த்து மூன்றையும் அவர் கூட்டிப் பார்த்தார். "பேரு போட்டு, எடம் போட்டு, நேரம் போட்டு எழுதியிருக்கான். இதுக்கு மேல என்னா சாட்சி வேணும்?" என்ற குரல் மூன்று கதவு தாண்டி எங்களுக்குத் துல்லியமாகக் கேட்டது. ஓ.எல். பொதுப் பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது. திங்கள் காலை முதல் பஸ்ஸில் அவளைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்புவதென்று அந்த இடத்திலேயே முடிவாயிற்று.

"கதைப்பா, சும்மா கதை" என்று அவள் அழுதாள். "கதைன்னா ஓம்பேரு எதுக்கு? எழுதுனது யாரு, சொல்லு." அதற்கு மட்டும் அவள் வாய் திறக்கவில்லை. என் பெயரைச் சொன்னால் வானொலிப் பெட்டியின் மேலிருந்த புத்தகங்களுக்கும் என் அப்பாவின் பெருமைக்கும் என்ன நடக்குமென்று அவளுக்குத் தெரியும். அவள் பேசாமல் நின்றதையே அவர்கள் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள்.

நானும் பேசவில்லை. ஞாயிறு காலை தண்ணீர்க் குழாயடியில் குடத்தோடு நின்றபோது, "பாட்டுக்கார மாப்பிள்ளையாம், சோத்துக்குப் பதிலா பாட்டுப் போடுவான்" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் எதைக் கொண்டும் ஈடுசெய்ய முடியவில்லை. மதியம் அவர்கள் வாசலில் ஜிப் வைத்த நீலப் பை ஒன்று கட்டிமுடித்து வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கொப்பியையும் அந்த ஆங்கிலப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போய், எழுதியது நான்தான் என்றேன்.

முத்தையா மாமா கிழித்த பக்கத்தைக் கொப்பியோடு வைத்துப் பார்த்தார். எழுத்து ஒன்றுதான். "ஓஹோ, அப்ப நீதான் அவனுக்கு எழுதிக் குடுத்தவ. தூது போயிருக்கே." உண்மையைச் சொன்னதால் நிலைமை இன்னும் மோசமாயிற்று. "இல்ல மாமா, இந்தப் பொஸ்தகத்துல உள்ளதுதான்" என்று நீட்டினேன். லயத்தில் என்னைத் தவிர அதைப் படிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை. "கிளாக்கர் ஐயாகிட்டப் போவோம். அவரு பாத்துச் சொல்லட்டும்" என்றார் முத்தையா மாமா.

தோட்ட அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்த கிளாக்கர் ஐயாவின் வீடு மேட்டில் இருந்தது. முத்தையா மாமா முன்னால், தர்ஷினியும் அவள் அம்மாவும் அடுத்து, அதற்குப் பின்னால் நான், செய்தி கேட்டு ஓடிவந்த என் அப்பா, கடைசியில் வேடிக்கை பார்க்கப் பத்துப் பேர். ஏறும்போதெல்லாம் நான் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன்: அந்தக் கடிதத்தில் நான் தமிழில் எழுதாமல் விட்ட நான்கு வரிகள் உண்டு. முதல்நாள் மாடியில் தந்த முத்தத்தைப் பாடகன் அதில் விவரமாக நினைவுகூர்கிறான்.

கிளாக்கர் ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கிழித்த பக்கத்தையும் புத்தகத்தையும் அருகருகே வைத்து, வரிக்கு வரி விரல் வைத்து வாசித்தார்.

"சனிக்கிழமை. சரி. பத்து மணி. சரி. நீலச் சட்டை, அதுவும் இருக்கு. ஆனா இதுல ரயில் ஸ்டேஷன். நீ ஏம்மா பஸ் ஸ்டாண்டுன்னு போட்டே?"

"நாம பதுளைக்கு பஸ்லதானுங்களே போவோம் ஐயா."

யாரோ சிரித்தார்கள். முத்தையா மாமா சிரிக்கவில்லை. விரல் கீழே இறங்கி, அந்த நான்கு வரிகளில் நின்றது. ஐயா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார், பிறகு என் அப்பாவை, பிறகு தர்ஷினியை. "மிச்சம் என்னாங்க ஐயா?" என்றார் முத்தையா மாமா.

"மிச்சமா? சொகம் விசாரிச்சிருக்கான். வேற ஒண்ணுமில்ல" என்று ஐயா புத்தகத்தை மூடினார். "இது அச்சடிச்ச கதை முத்தையா. அந்தப் பயலும் இல்ல, அந்தப் புள்ளையும் இல்ல. படிக்கிற புள்ளைய அனுப்பிடாத."

"இந்த வெள்ளக்காரப் புள்ளைக்கு அப்பன் கெடையாதா ஐயா?"

"இருக்காரு. அவரும் ஒன்னைய மாதிரிக் கோவக்காரருதான்."

புத்தகம் தன்னிடமே இருக்கட்டும் என்றார் ஐயா. கிழித்த பக்கம் மேசையில் கிடந்தது. அதை யார் எடுத்தார்களென்று நான் கவனிக்கவில்லை. இறங்கும்போது அப்பா ஒன்றுதான் சொன்னார்: "அம்மாகிட்ட சொல்லாத. ஆசையா அனுப்புனது." மறுநாள் முதல் பஸ் போகும்போது வளைவில் நின்று ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தேன். தர்ஷினி அதில் இல்லை. வெள்ளைச் சீருடையோடு பாடசாலைப் பாதையில் வந்துகொண்டிருந்தாள்.

அதன் பிறகு நான் ஒரு வரிகூட மொழிபெயர்க்கவில்லை. பரீட்சை முடியும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் முத்தையா மாமா ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, அவளோடு பதுளைக்குப் போய், வகுப்பு முடியும்வரை வீதியோரம் நின்று கூட்டிவந்தார். டவுனில் பெண் வழிதவறக் கூடாதென்றுதான் என்று நாங்கள் நினைத்தோம்.

இப்போது நான் கொழும்பில் ஒரு பத்திரிகையில் வேலை செய்கிறேன். பாதிக்கப்பட்ட பெண்களின் பெயரை மாற்றி எழுதுவது அங்கு அன்றாட வேலை. தர்ஷினி பதுளையில் ஒரு மருந்துக்கடையில் இருக்கிறாள். கிளாக்கர் ஐயாவின் வீடு பூட்டிக் கிடக்கிறது, புத்தகம் எங்கே போனதென்று தெரியாது. போன மாதம் அவளைப் பார்க்கப் போனபோது பஸ் ஸ்டாண்டில் எங்கள் பக்கத்திலேயே இரண்டு மாணவிகள் ஒரே கைத்தொலைபேசியில் பாடகன் கதை படித்துக்கொண்டிருந்தார்கள். தமிழில்தான், யாரும் எழுதிக்கொடுக்கத் தேவையில்லை.

தர்ஷினி கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துத் தந்தாள். முத்தையா மாமா இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. "அப்பாவோட தகரப் பெட்டியில இருந்துச்சு. அடையாள அட்டை, சேமலாப நிதிக் கடதாசியெல்லாம் வைக்கிற எடத்துல."

"கடைசி வரைக்கும் நம்பலையா?"

"நான் கேக்கலடி. சனிக்கெழமையில ரோட்டோரம் நின்னாருல்ல, நீலச் சட்டை போட்டு யாரு போனாலும் திரும்பித் திரும்பிப் பாப்பாரு."

விரித்தேன். என் பதினாறு வயது எழுத்து, மடிப்புகளில் மட்டும் அழிந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். சவர்க்கார வாசனை போய்விட்டது. அவருடைய புகையிலை வாசனை இருந்தது.