எழுபத்தொன்றில் நிறுத்திவிட்டேன்

படப்பைக்கு அப்பால் ஒரு பேக்கிங் ஷெட்டில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, வாலாஜாபாத் சாலையில் தாம்பரம் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு, மே மாதக் கடைசி, ஒரு சனிக்கிழமை காலை. ஷெட்டில் யாரும் என்னைத் துரத்தவில்லை. எனக்கே எந்த இடத்திலும் நாலு மாதத்துக்கு மேல் கால் தரிக்காது. எட்டாவதோடு பள்ளியை விட்டவன். லாரி கிளீனர், ஓட்டல் சப்ளையர், கட்டட வேலை, மீன் வண்டி என்று முப்பத்தெட்டு வயதுக்குள் எல்லாம் பார்த்தாயிற்று. எந்த வேலையிலிருந்தும் சொல்லிக்கொண்டு கிளம்பியதில்லை.

மண்ணிவாக்கம் தாண்டி முடிச்சூர் வந்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சாலையோரத்தில் 'கம்ப்யூட்டர் எம்பிராய்டரி' என்று போர்டு போட்ட சின்னக் கடை. உள்ளே பன்னிரண்டு ஊசிகள் வைத்த பெரிய தையல் எந்திரம் ஒன்று சும்மா நின்றது. அதன் அடியில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து, மூடி கழற்றிய பழைய கம்ப்யூட்டர் பெட்டியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைவிட வயதில் சின்னவர்தான்.

தண்ணீர் கேட்டேன்.

"கேன்ல இருக்கு, பிடிச்சுக்கோங்கண்ணா. குடிச்சிட்டு இந்தப் பெட்டியைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்களேன். ஒத்தை ஆளா முடியல."

குடித்துவிட்டுப் பிடித்தேன். உள்ளேயிருந்து டக், டக் என்று சத்தம் வந்தது. ஹார்ட் டிஸ்க் சாகப்போகிறது என்றார். அவர் முன்பு ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தவர். இப்போது பள்ளிச் சட்டைப் பைகளுக்கு பேட்ஜ் தைத்துக் கொடுக்கிறார். அந்த எந்திரத்துக்குக் கட்டளை கொடுக்கிற புரோகிராம் மிகப் பழையது. அதைச் செய்த கம்பெனி இப்போது இல்லை, சிடியும் இல்லை. இந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒன்றுதான். அவர் வரைந்து சேர்த்த எட்டு வருட டிசைன்களும் இதற்குள்தான். நேற்றிலிருந்து பெட்டி எழுந்திருக்கவில்லை. திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் நூற்றைம்பது பேட்ஜ் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பள்ளி வேறு கடைக்குப் போய்விடும். அந்தப் பள்ளி போனால் கடை நிற்காது.

பக்கத்துக் கடை ஆல்டரேஷன் டெய்லர், வாயில் பீடியோடு எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம், இன்னும் போஸ்ட்மார்ட்டம் முடியலயா? பாடிய குடுத்துட்டாங்கன்னா எடுத்துரலாம்."

"வாயைக் கழுவுங்க மாஸ்டர்" என்றார் அவர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மேசையில் இன்னொரு கம்ப்யூட்டர் இருந்தது. காட்டாங்குளத்தூரில் படிப்பை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிய ஒரு மாணவனிடம் வாங்கியதாம். அன்று காலையில்தான் அதில் லினக்ஸ் ஏற்றியிருந்தார். விரல் அளவு பென் டிரைவிலிருந்து ஏற்றினேன், காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். எங்கெங்கோ இருக்கிறவர்கள் எழுதி எழுதிச் சேர்த்ததாம்.

"சும்மா குடுத்தா அவங்களுக்கு இன்னா லாபம் மேடம்?" என்றார் டெய்லர்.

"இந்த வெயில்ல ரோட்டோரம் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறாங்களே, அவங்களுக்கு என்ன லாபம்? அந்த மாதிரிதான்."

அவர் யோசனை எனக்கு விளங்க நேரம் பிடித்தது. சாகிற டிஸ்க்கைக் கழற்றிப் புதுப் பெட்டியில் மாட்டி, அதில் உள்ளதையெல்லாம் ஓர் எழுத்து விடாமல் ஒரே கோப்பாக நகல் எடுப்பது. பிறகு லினக்ஸுக்குள் ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்கி, அந்த நகலை அதன் டிஸ்க்காகக் கொடுப்பது. பழைய கம்ப்யூட்டர் அதற்குள் உயிரோடு எழுந்துவிடும் என்றார். நான் தலையாட்டினேன். நம்பவில்லை.

டிஸ்க்கை மாட்டினார், ஏதோ தட்டினார். கறுப்புத் திரையில் வெள்ளை எண்கள் ஓட ஆரம்பித்தன. ஒரு எண் மட்டும் மெதுவாக ஏறியது. நூறு வந்தால் முடிந்தது. ஐம்பத்தெட்டு வந்தபோது அவருக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. தையல் எந்திரத்தின் பழைய கேபிளைச் சொருக இந்தப் பெட்டியில் ஓட்டை இல்லை. அதற்கு ஒரு மாற்றுச் சொருகி மேற்குத் தாம்பரத்தில்தான் கிடைக்கும்.

"அண்ணா, அரை மணி நேரம் உக்காந்திருப்பீங்களா? எதையும் தொட வேண்டாம். நம்பர் ஏறுதான்னு மட்டும் பாத்துக்கோங்க. இந்த டிஸ்க் இன்னொரு தடவை தாங்குமான்னு தெரியாது."

பெயர்கூடக் கேட்கவில்லை. ஸ்கூட்டரைக் கிளப்பிப் போய்விட்டார்.

உட்கார்ந்திருந்தேன். அறுபது. அறுபத்தைந்து. கையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை எடுக்காமல் பார்த்தேன். எழுபத்தொன்று ஆனதும் திரை பொட்டென்று கறுத்துவிட்டது.

டெய்லரைக் கூப்பிட்டேன். வந்து குனிந்து பார்த்தார்.

"மட்டையாயிட்ச்சுபா. டிவி நின்னா இன்னா பண்ணுவ? பட்டனைப் புடிச்சு அமுக்கு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா வந்துக்கினே இருக்கும்."

அமுக்கினேன். அமுக்கிப் பிடித்தேன். பெட்டியில் எரிந்த சின்ன விளக்கு அணைந்தது. உள்ளே ஓடிய விசிறி நின்றது. அந்தச் சத்தம் அடங்கியபோதுதான் புரிந்தது, அதுவரை அது ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று. ரொம்ப நேரம் யாரும் தொடாததால் திரை மட்டும் தூங்கியிருக்கிறது.

"கரண்ட் போச்சுன்னு சொல்லிடு" என்று டெய்லர் மெதுவாகச் சொல்லிவிட்டுத் தன் கடைக்குள் போய்விட்டார்.

நான் அதைக்கூடச் சொல்ல நினைக்கவில்லை. பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த வழி அதுதான். தாம்பரம் பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது. அப்போது ஒரு மாடு, கேட்பாரில்லாத கடைக்குள் தலையை நீட்டி, பேட்ஜ் தைக்க வைத்திருந்த வெள்ளைத் துணிக்கட்டை முகர்ந்தது. ஒரு முனையை வாயில் கவ்வியது.

பஸ் வந்து நின்றதா, போனதா என்று தெரியாது. சாலையைக் குறுக்கே ஓடினேன். துணியின் ஒரு முனை மாட்டின் வாயில், மறுமுனை என் கையில். இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஸ்கூட்டர் வந்து நின்றது.

என் தோளில் இருந்த பையைப் பார்த்தார். கறுத்த திரையைப் பார்த்தார். மாட்டை விரட்டினார்.

"நான்தான் ஆஃப் பண்ணிட்டேன்" என்றேன். "திரை கறுத்துச்சு. செத்துப்போச்சுன்னு நெனச்சு பட்டனை அமுக்கிட்டேன். பயந்து ஓடப் பாத்தேன்."

அடி வாங்கியிருக்கிறேன், கெட்ட வார்த்தை கேட்டிருக்கிறேன். அதற்கெல்லாம் தயாராகத்தான் நின்றேன். அவர் முகம் வெளுத்தது நிஜம். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "திரை அணையாம இருக்கச் சொல்லி நான்தான் மாத்தி வச்சிருக்கணும். மறந்துட்டேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பட்டனை அமுக்கினார். லினக்ஸ் ஒன்றும் நடக்காதது போல எழுந்து வந்தது. பழைய டிஸ்க் டக், டக், டக் என்று அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் காலையில் தட்டிய அதே வரியைத் தட்டினார்.

ஒன்றிலிருந்து தொடங்கும் என்று நினைத்தேன். திரையில் வந்தது எழுபத்தொன்று.

"எப்படி மேடம்?"

"எதுவரைக்கும் படிச்சோம், எங்க படிக்க முடியலைன்னு அது பக்கத்துலயே குறிச்சுக்கிட்டே வருதுண்ணா. நடுவுல நின்னா, விட்ட இடத்துலேர்ந்து எடுத்துக்கும். இதை எழுதினவங்களுக்குத் தெரியும், நடுவுல யாராவது நிறுத்துவாங்கன்னு."

என்னைப் பார்த்தே இராத யாரோ ஒருவர், என்னைப் போல ஒருத்தன் வந்து பட்டனை அமுக்குவான் என்று யோசித்து, அதற்கும் ஓர் ஏற்பாடு செய்து, அதைச் சும்மா கொடுத்தும் வைத்திருக்கிறார்.

தொண்ணூறுக்கு மேல் எண் நொண்டியது. தொண்ணூற்றொன்பதில் ரொம்ப நேரம் நின்றது. டெய்லரும் வந்து நின்றார். பீடியைப் பற்றவைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். ஏதோ சில துணுக்குகளைத் தவிர எல்லாம் வந்துவிட்டது என்று மேடம் சொன்னபோது மணி நாலரை.

பிறகு பழைய டிஸ்க்கைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்கினார். இதற்கு இவ்வளவு நினைவகம், இது உன் டிஸ்க் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தார். முதல் தடவை நீலத் திரை வந்து நின்றுவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு எதையோ மாற்றினார். இரண்டாம் தடவை, லினக்ஸ் திரையின் நடுவில் ஒரு சதுரத்துக்குள் அந்தப் பழைய கம்ப்யூட்டர் எழுந்தது. அதே பச்சைப் புல்வெளிப் படம், அதே டிசைன் பெயர்கள், வரிசை மாறாமல். அதன் இரும்பும் டிஸ்க்கும் கீழே தரையில் செத்துக் கிடந்தன. அதற்கு அது தெரியவே இல்லை.

"ஆவி கீவி பூந்துட்ச்சா மேடம்?" என்றார் டெய்லர். அவர் குரலில் கிண்டல் குறைவாகத்தான் இருந்தது.

மேடம் கேபிளைச் சொருகினார். வெளியே இருக்கிற கேபிளை உள்ளே இருக்கிற கம்ப்யூட்டருக்குத் தாரைவார்ப்பது போல ஒரு சொடுக்கு. தையல் எந்திரம் ஒரு முறை உதறிக்கொண்டது. ஊசி இறங்கியது. மாடு கவ்விய முனையை வெட்டியெறிந்துவிட்டு மாட்டிய அந்தத் துணியில், நீல நூலில் ஒரு புத்தகமும் அதன் மேல் ஒரு விளக்குமாக முதல் பேட்ஜ் வந்தது. அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார். இன்னும் சூடாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. டெய்லர் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

கிளம்பலாம் என்று பையை எடுத்தேன்.

"நாளைக்குக் காலைல எங்க போறீங்க?" என்று கேட்டார் மேடம்.

"எங்கயும் இல்ல."

"அப்ப வாங்க. ஞாயித்துக்கிழமை, நான் ஆராதனைக்குப் போகணும். மெஷின் ஓடிட்டே இருக்கும். நூல் அறுந்தா நிறுத்திட்டு மாட்டணும், அவ்வளவுதான். இப்பவே சொல்லித் தர்றேன். திரை இனிமே அணையாது, மாத்தி வச்சிட்டேன்."

அன்று டெய்லர் கடையிலேயே படுத்துக்கொண்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு மேடம் எந்திரத்தை ஓடவிட்டு, "பாத்துக்கோங்கண்ணா" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் சர்ச்சுக்குப் போனார். முந்தின நாள் நான் கெடுத்த அதே வேலையை, அதே வார்த்தையில் என்னிடம் விட்டுப் போன அவர் திரும்பி வரும்வரை நான் கதவுப் பக்கம்கூடப் பார்க்கவில்லை. ஒரு மனிதனையும் விட்ட இடத்திலிருந்தே தொடரவிடலாம் என்று எனக்குத் தெரிந்தது அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான்.