முஸ்தபாவின் மூக்கு

தண்ணீர் மோட்டார் பழுதென்றால் மற்ற மெக்கானிக்குகள் மீட்டரை எடுப்பார்கள். கோட்டைமேட்டு முஸ்தபா மூக்கைத்தான் நம்புவார். மோட்டார் பக்கம் குனிந்து ஒரு இழுப்பு. உள்ளே செம்புக்கம்பி சுற்றிய காயில் கருகியிருந்தால் உடனே சொல்லிவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, தொழில் தெரிந்தவனுக்கு அதுகூட இல்லாமலா?

அந்த மூக்குக்குக் கொரோனா இரண்டாம் அலையில் சோதனை வந்தது. மனைவி ஃபர்சானாவுக்கு நிறைமாதம். வெளியே போகிற மனுஷன் நோயை வாங்கிவந்துவிடக் கூடாதென்று, தினமும் இரண்டு மாஸ்க் மாட்டி, உள்ளே இருப்பதில் நீலகிரித் தைலத்தைத் தாராளமாகத் தெளித்து அனுப்புவாள். கொஞ்ச நேரம் கண்ணில் நீர் வடியும். பிறகு பழகிப்போய், தைலம் இருப்பதே அவருக்கு மறந்துவிடும்.

அப்படித்தான் ஒருநாள் சரவணம்பட்டியில் பழனாத்தாள் வீட்டுக்குப் போனார். அந்தம்மா கம்பிக்கதவுக்கு உள்ளே நின்றபடியே சத்தம் போட்டார்.

"எதையும் தொட்டுப்போடாதீங்க தம்பி! மொதல்ல அந்தக் கொழாயில கை கழுவுங்க."

முஸ்தபா குழாயைத் திருகினார். காற்றுதான் வந்தது.

"ஏனுங்கக்கா, தண்ணி வரலைன்னுதானுங்களே என்னையக் கூப்பிட்டீங்க?"

பழனாத்தாள் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. சானிடைசர் பாட்டிலைத் துடைப்பக்கட்டையால் வெளியே தள்ளிவிட்டார்.

"மாஸ்க்கக் கழட்டுனீங்கன்னா அப்படியே திரும்பிப் போயிருங்க. ஆனா மோட்டாரச் சரி பண்ணாமப் போயிராதீங்க!"

முஸ்தபா கையைத் தேய்த்துக்கொண்டு மோட்டாரிடம் குனிந்தார். ஒரு இழுப்பு. ஒன்றும் தெரியவில்லை. மறுபடி இழுத்தார். ஊஹும். அப்போதுதான் தைலம் நினைவுக்கு வந்தது. அந்த வாசமும் இல்லை. வாசனை போனால் என்ன அர்த்தமென்று அந்த வருஷம் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தொண்டை வேறு கரகரத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இனி வீட்டுக்குள் எப்படிப் போவது? பிறக்கிற பிள்ளையின் முகத்தை எப்போது பார்ப்பது?

"என்னங்க தம்பி, மோட்டாருக்கு என்னாச்சு?"

"மோட்டாருக்கில்லீங்க, எனக்குத்தானுங்க. வாசமே தெரியலீங்கக்கா. ஊட்ல சம்சாரம் நெறமாசமுங்க."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. ஜன்னல்களும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. சற்றுப் பொறுத்து உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"மாஸ்க்கக் கழட்டிப்போட்டு மோந்து பாருங்க தம்பி. நான் மூச்சப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன்."

கழற்றினார். முதல் மூச்சில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் லேசாக ஏதோ. மூன்றாவதில், தைலத்தில் மரத்துப்போயிருந்த மூக்கைப் பொசுக்குகிற கருகல் நாற்றம்!

"அல்ஹம்துலில்லாஹ்! கருகிப்போச்சுங்கக்கா! காயில் சுத்தமாக் கருகிப்போச்சு!"

ஜன்னல் திறந்தது.

"அதுக்கு ஏனுங்க இந்தக் குதி குதிக்கறீங்க? போனது என்ற ஊட்டு மோட்டாருங்க!"

முஸ்தபா சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"கழட்டிட்டுப் போயி காயில் கட்டோணுமுங்க. தண்ணி நாளைக்குத்தானுங்க."

"தண்ணி கெடக்குது. மொதல்ல ஊட்ல இருக்கற அந்தப் புள்ளைகிட்ட ஒரு வார்த்த பேசுங்க."

முஸ்தபா போனை ஸ்பீக்கரில் போட்டுச் சுவர்மேல் வைத்தார். ஃபர்சானா எடுத்தவுடன் கேட்டது ஒன்றுதான்:

"மாஸ்க்கக் கழட்டலையே?"

முஸ்தபா கையிலிருந்த மாஸ்க்குகளைப் பார்த்து விழித்தார். அதற்குள் ஜன்னலிலிருந்து பழனாத்தாள் தெருவுக்கே கேட்கச் சொன்னார்:

"ரெண்டையும் போட்டிருக்காருங்க அம்மணி! நான் பாத்துக்கிட்டேதான் நிக்கறேன்!"