செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்த படம்

எங்கள் தெருவில் யாருக்காவது சாமி வந்தால் நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுகிற ஆள். வெள்ளையாக ஏதோ போனது, பெயர் சொல்லிக் கூப்பிட்டது என்று எவளாவது ஆரம்பித்தால், முதலில் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வா என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நான் இதை எழுதுகிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போங்கள், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து தாங்கள் முதன்முதலில் பார்த்த சினிமாவைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னையும் கேட்டார்கள். நான் கொட்டகையில் பார்த்தது ஒரே படம்தான், அதுவும் பாதி என்றேன். பாட்டி நன்றாக ஜோக் அடிக்கிறார் என்று அதற்கும் சிரித்தார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

ஜப்பான்காரன் காலம். மலாக்காவில் காஜா பேராங்கில், கம்போங் செட்டிக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் நானும் என் தம்பி கோவிந்தனும் வாடகைக்கு இருந்தோம். என்னைக் கட்டியவர் சண்டை தொடங்குவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். அப்பா அம்மாவும் இல்லை. எனக்கு அவன், அவனுக்கு நான். அரிசி கண்ணில் படாது, காலையிலும் மரவள்ளி, ராத்திரியிலும் மரவள்ளி. அதைக்கூடத் தின்றுவிடலாம். சயாமில் ரயில் பாதை போடுகிறோம் என்று தமிழ் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்களே, அந்தப் பயத்தைத்தான் விழுங்க முடியவில்லை. தோட்டங்களைக் காலி செய்துவிட்டு ஆள் பிடிக்க டவுனுக்குள்ளும் வந்துவிட்டார்கள். செமாபோக் பக்கம் சடக்கில், நடு ரோட்டில், சைக்கிளில் போனவனைச் சைக்கிளோடு லோரியில் ஏற்றியதை நானே பார்த்தேன். போனவன் எவனும் திரும்பவில்லை.

அதனால் கோவிந்தனைப் பகலில் வெளியே விடமாட்டேன். அவனுடைய கூட்டாளி சிதம்பரம் கம்போங் செட்டிக்காரன், தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன செட்டிகள். அவர்களுக்குத் தமிழ் வராது, வீட்டில் பேசுவதெல்லாம் ஒருவிதமான மலாய், நடுவில் அக்கா, சாமி, பூசை என்று நம் சொல் நாலு வந்து விழும். ஆனால் சாமி கும்பிடுவதில் நம் ஆட்களெல்லாம் அவர்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். அவர்கள் குடும்பக் கோயிலில் சாமான் வைக்கிற அறை ஒன்று இருந்தது. பகல் முழுக்க என் தம்பி அதற்குள்ளேதான் கிடப்பான். இருட்டியதும் வீட்டுக்கு வந்து மரவள்ளியைத் தின்றுவிட்டுப் படுப்பான்.

அப்போதுதான் அந்தக் கிராணி வந்தார். நம் ஆள்தான், ஜப்பான்காரன் ஆபீசில் கணக்கு எழுதுகிற வேலை. பெயரைச் சொல்லமாட்டேன், அவருடைய பேரப்பிள்ளைகள் இன்றைக்கு நல்ல நிலையில் இருக்கிறார்கள். டவுன் கொட்டகையில் சாமி படம், காசு வேண்டாம், நம் ஜனங்களுக்காகவே போடுகிறார்கள் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"குடும்பத்தோட வாங்கம்மா. கோயிலுக்கு வர்ற மாதிரி குளிச்சிட்டு வாங்க."

"ஆம்பளைங்களும் வரணுமா?" என்று கேட்டேன்.

"சாமியில ஆம்பளை சாமி பொம்பளை சாமின்னு பாக்கிறீங்களா? நான்தானே வாசல்ல நிக்கப்போறேன். என்னை நம்பமாட்டீங்களா?"

எனக்குப் பிடிக்கவில்லை. ராத்திரி நான் சொல்லித்தான் கோவிந்தனுக்குத் தெரிந்தது என்று நினைக்காதீர்கள், அவனுக்குச் சிதம்பரம் முன்னாலேயே சொல்லிவிட்டான்.

"அக்கா, எத்தனை மாசமா அந்த ரூம்புக்குள்ள கிடக்கிறேன், பெருச்சாளி மாதிரி. ஒரு படம் பாத்துட்டு வந்துர்றேன்."

"ஓசியில படம் காட்ட ஜப்பான்காரன் உனக்கு மாமனா மச்சானா?"

"ஜப்பான் படம் இல்ல அக்கா, சாமி படம். சாமி முன்னால உட்கார்ந்திருக்கிறவனை வந்து பிடிப்பானா? அந்தப் பாவம் அவனுக்கே வேணாம்."

இதைத்தான் எல்லாரும் சொன்னார்கள். தோட்டத்தில் பிடிப்பான், சடக்கில் பிடிப்பான், சாமி இருக்கிற இடத்தில் பிடிக்கமாட்டான். எங்கள் ஜனங்களுக்கு மட்டும்தான் இப்படிப் புத்தி போகும். நான் போகாதே என்றாலும் அவன் போவான் என்று தெரிந்து, கூடவே போனேன்.

மத்தியான ஆட்டம். வெயிலில் கும்பலாக நடந்து போனோம். ஆண்கள் எல்லாரும் குளித்து, பட்டை பட்டையாகத் திருநீறு பூசி, இருக்கிற நல்ல வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். வாசலில் கிராணி நின்றார். சாமி படம் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவது எங்கள் ஜனங்களுக்கு வழக்கம்தான். அன்றைக்கு அவரே வாயால் சொன்னார். "செருப்பைக் கழட்டிட்டுப் போங்கப்பா, உள்ள கற்பூரம் காட்டியிருக்கு." கட்டைச்செருப்பு, கித்தா டயரில் வெட்டிய செருப்பு எல்லாம் வாசலில் மலையாகக் குவிந்தது. பாவி மனுஷனுக்கு இவ்வளவு பக்தியா என்று நினைத்துக்கொண்டேன். வெறுங்கால்காரன் கொட்டகைக்குப் பின்னால் இருந்த ஜல்லிச் சடக்கில் எவ்வளவு தூரம் ஓடுவான் என்று அந்த மனுஷன் கணக்குப் போட்டிருந்தது எனக்கு எங்கே தெரியும்.

உள்ளே பெண்களுக்கு ஒரு பக்கம் பெஞ்சு, ஆண்களுக்கு ஒரு பக்கம். நடுவில் ஆள் நடக்கிற வழி. நான் முன் பெஞ்சில் உட்கார்ந்தேன். கோவிந்தனும் சிதம்பரமும் எதிர்ப்பக்கம் வழியோரமாக இருந்தார்கள்.

"டேய் கோவிந்தா, உன் கூட்டாளிக்குத் தமிழ் தெரியாதே, என்னத்தப் பாக்கப்போறான்?" என்று பின்னாலிருந்து ஒருவன் சீண்டினான்.

"சாமி என்ன பேசவா போகுது? பறக்கும், வரம் குடுக்கும். அதுக்கு எதுக்குத் தமிழு?" என்றான் என் தம்பி. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பல மாதத்துக்குப் பிறகு அவன் பேசி ஆட்கள் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

விளக்கை அணைத்தார்கள். சாமி படம் வரவில்லை. வேறு ஏதோ ஓடியது. அந்தக் காலத்தில் பெரிய படத்துக்கு முன்னால் சின்னதாக ஒரு காமெடி போடுவது உண்டு என்று படம் பார்த்துப் பழகியவர்கள் சொன்னார்கள், அதுதான் இது என்றார்கள். சத்தமே இல்லை. காடு. எலும்பும் தோலுமாக ஆட்கள், கோவணத்தோடு, வெறுங்காலோடு, பெரிய பெரிய கட்டைகளைத் தூக்கிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி வந்தார்கள். பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது.

"டேய், அது நம்ம முனியாண்டி மாதிரி இல்ல?" என்று ஒருவன் கத்தினான். முனியாண்டி எங்கள் பக்கத்தில் விறகு வெட்டுகிறவர், ஆண்கள் பக்கம் நடுவில் உட்கார்ந்திருந்தார். நன்றாகப் பார்த்தால் அவரேதான், தாடையில் இருந்த தழும்பு வரைக்கும். "யோவ், எப்பய்யா போய் நடிச்சே, சொல்லவே இல்ல?" என்றான் இன்னொருவன். கொட்டகையே சிரித்தது. முனியாண்டியும் சிரித்தார். பிறகு ஒவ்வொருவராக, அங்கே பார் உன் மச்சான், இங்கே பார் நான் என்று காட்டத் தொடங்கினார்கள். என் பக்கத்தில் இருந்த காளியம்மாள் தன் புருஷனைக் கண்டுபிடித்துவிட்டு, இந்த மனுஷனுக்குக் கோவணம் நன்றாக இருக்கிறது என்றாள். அதற்கும் சிரிப்பு.

அப்புறம் கோவிந்தன் வந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியாது, என் தம்பிதான். ஆட்டுத்தாடி, குழிவிழுந்த கன்னம், முழங்காலில் புண். அவனுக்குப் பின்னால் கட்டையின் மறுமுனையைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோவிந்தன், "அக்கா, என்னைப் பாத்தியா? தாடி எப்படி?" என்று வழியைத் தாண்டிக் கத்தினான். திரையில் இருந்தவன் நாலு அடி நடந்து, சகதியில் வழுக்கி, கட்டையோடு விழுந்தான். ஒரு சிப்பாய் வந்து மூங்கிலால் அடித்தான். அடி விழ விழ அவன் தலையைத் தூக்கி, பெண்கள் பெஞ்சுப் பக்கமாகப் பார்த்து, வாயைத் திறந்து திறந்து மூடினான். காமெடிக்காரன் முகத்தைக் கோணுகிற மாதிரியே இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதோடு அது முடிந்து சாமி படம் தொடங்கியது. கையெடுத்துக் கும்பிட்டோம். பாதிப் படத்தில் விளக்கு எரிந்தது. கதவுகளை வெளியிலிருந்து பூட்டியிருந்தார்கள். துப்பாக்கியோடு சிப்பாய்கள் உள்ளே நின்றார்கள். பெண்கள் எல்லாரும் பக்கக் கதவு வழியாக வெளியே போ என்றார்கள். நான் குறுக்கே ஓடிக் கோவிந்தனின் கையைப் பிடித்தேன். துப்பாக்கிக் கட்டையால் தோளில் போட்டான் ஒருவன், இன்றைக்கும் அந்தக் கை மேலே தூக்க வராது.

"அக்கா, நீ போ. அடிக்கிறான், போயிரு. நான் வந்துருவேன்," என்றான் என் தம்பி.

பின்பக்கம் லோரிகள் நின்றன. கூரை வழியாக ஏறிக் குதித்தவர்கள் ஜல்லியில் கால் கிழிந்து கொஞ்ச தூரத்திலேயே விழுந்தார்கள். முன்பக்கம் நாங்கள் அழுதுகொண்டே செருப்புக் குவியலில் அவரவர் ஆளுடையதைத் தேடிக்கொண்டிருந்தோம். கிராணியைக் காணவில்லை.

அவர்களைக் கொண்டுபோனது சயாமுக்கு என்று தெரிந்ததும்தான் எனக்கு அந்தக் காமெடி நினைவுக்கு வந்தது. அந்தக் காடு, அந்தக் கட்டைகள். கொட்டகையில் படம் ஓட்டுகிற ஆளைப் பசாரில் பிடித்தேன். சாமி படத்துக்கு முன்னால் என்ன ஓட்டினாய் என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஓட்டலியேம்மா. பெட்டி ஒண்ணுதான் குடுத்தாங்க. நேரா சாமி படம்தான்."

"பொய் சொல்லாதே. நான் பார்த்தேன். கொட்டகையே பார்த்துச்சு."

"மெஷின் விளக்குக்குக் கரிக்குச்சி சரியா பத்தலன்னு ரொம்ப நேரம் லைட்டு இல்லாம உட்கார வச்சிருந்தேன். இருட்டுல நீங்கள்லாம் எதுக்குச் சிரிக்கிறீங்கன்னு எனக்கே புரியல."

அவனை வாயில் வந்தபடி ஏசிவிட்டு வந்தேன். காளியம்மாளிடம் போய், உன் புருஷனை நீ பார்த்தாயா இல்லையா, கோவணம் என்று சொன்னாயா இல்லையா என்று கேட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது, என்னை விட்டுரு அக்கா," என்று கதவைச் சாத்தினாள். அன்றைக்கு வந்த எந்தப் பெண்ணும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. பார்த்தது நடந்துவிடக்கூடாது என்று மட்டும் இருந்தேன்.

சண்டை முடிந்தது. ஜப்பான்காரன் போனான், வெள்ளைக்காரன் வந்தான், கிராணியும் வந்தார், அதே ஆபீசில் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். என் தம்பி வரவில்லை. முனியாண்டி வரவில்லை. காளியம்மாளின் புருஷன் வரவில்லை. கடைசியில் சிதம்பரம் வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். வந்து பல நாள் ஆகியும் அடுத்த தெருவில் இருக்கிற என்னைப் பார்க்க வரவில்லை. நானே போனேன். ஒரு கால் அழுகி மெலிந்துபோயிருந்தது. என்னைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். அவன் அம்மா எனக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை.

கோவிந்தன் எங்கே என்று மலாயில் கேட்டேன். சுவரைப் பார்த்தபடியே சொன்னான். கட்டை தூக்கும்போது சகதியில் வழுக்கி விழுந்தான், அடித்தார்கள், எழுந்திருக்கவில்லை. நான் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. அவனாகத்தான் மேலே சொன்னான். அடி விழும்போது எதிரே காடு இல்லையாம். பெஞ்சுகள் இருந்ததாம். வரிசை வரிசையாக நாங்கள் உட்கார்ந்திருந்தோமாம். கோவிந்தன் தலையைத் தூக்கி, அக்கா, அக்கா என்று கூப்பிட்டானாம்.

பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அபா பசால் அக்கா கெத்தாவா?"

ஏன் அக்கா சிரித்தாய் என்று கேட்டான்.

நான் எழுந்து வந்துவிட்டேன். சாகும்வரை அவன் என்னோடு பேசவில்லை. பசியிலும் காய்ச்சலிலும் புத்தி பேதலித்துச் சொல்கிறான் என்று நீங்கள் சொல்லலாம், நானும் பல வருஷம் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு நான் எழுவதற்கு முன்னால் அவன் இன்னொன்றும் சொன்னான். சத்தம் வெளியே வராமல் இருக்க நீ முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு சிரித்தாய் என்றான். உண்மைதான், அப்படித்தான் சிரித்தேன். அந்த இருட்டில், ஆண்கள் பக்கத்துப் பெஞ்சில் இருந்து அது தெரிந்திருக்க வழியில்லை. பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்த காளியம்மாளுக்கே தெரியாது. எனக்கு நேர் முன்னால், திரை இருந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.