மெழுகிய வீடு

குண்டசாலையில் பழம்பொருள் தேடி ஆற்றங்கரை மேட்டைத் தோண்டிய காலத்தில் எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. கொன்வென்டில் படித்த ஆங்கிலத்துக்கு எங்கள் ஊர் மஹய்யாவையில் வேறு என்ன பிழைப்பு இருந்தது? அனுமதி கொழும்பிலிருந்து, பணம் ஒல்லாந்திலிருந்து, படம் பிடிப்பவர் கல்கத்தாவிலிருந்து. இத்தனை பேரும் ஒரு மண்தரைக்காகச் சண்டை சச்சரவில்லாமல் பாடுபட்டதை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்புத்தான். எங்கள் தெருக் குழாயடியில் நடக்காத காரியம் அது.

அது பழங்காலத்து வீடொன்றின் தரை என்பது எங்கள் நம்பிக்கை. கொழும்பு அதிகாரி சனிக்கிழமை பார்க்க வருவதாக இருந்தது. வீடுதான் என்று அவருக்குத் தோன்றினால் கூரை போட்டுக் காப்பாற்றுவார்கள். இல்லையென்றால் மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை காலை போனால், தரை முழுக்கப் பச்சைச் சாணி. ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து எங்களிடம் மண் சுமந்த பெண் நிம்மதியாக வாளி கழுவிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னடி பண்ணி வச்சிருக்க?"

"பெரிய தொர வீட்டப் பாக்க வர்றாருன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க. மெழுகாத வீட்ட எப்படிக் காட்டுறது?"

தோண்டலை நடத்திய ஒல்லாந்துத் துரைசாணிக்கு முகம் வெளுத்துப் போயிற்று. நானாக இருந்தால் அவளை அப்போதே விரட்டியிருப்பேன். துரைசாணியோ, "மெழுகியவளே என்னோடு சேர்ந்து எடுக்கட்டும்" என்றார். இருவரும் எதிரெதிரே குந்தி, ஈரத்துணியை ஒற்றி ஒற்றிச் சாணியைத் துண்டு துண்டாகப் பெயர்த்தார்கள். பகல் சோற்றுக்குக்கூட அந்த அம்மாள் எழும்பவில்லை. பொறுமை என்றால் அது பொறுமை.

சாணியோடு ஒட்டிக்கொண்டு, நாங்கள் தரை என்று நினைத்திருந்த மெல்லிய வண்டலும் பெயர்ந்து வந்தது. அதற்கு அடியில்தான் உண்மையான தரை. சுவரோரத்திலிருந்து வாசல்வரை, அரைவட்டம் அரைவட்டமாக விரல் தடங்கள். எந்தக் காலத்திலோ ஒருத்தி மெழுகிக் காயவிட்ட தரை. துரைசாணி அழுதார். எனக்கும் கண் நிறைந்தது.

மறுநாள் அதிகாரி குனிந்து பார்த்தார். பிறகு, அந்தத் தடத்தின் மேல் கையை வைத்து அளவு காட்டும்படி மெழுகியவளிடம் என்னைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாங்க. இது அவ மெழுகின வீடு. அவளக் கேக்காம நான் கை வைக்கலாமா?"

அப்படியே மொழிபெயர்த்தேன். தரைமேல் ஊன்றியிருந்த காலை அதிகாரி மெல்லப் பின்னுக்கு எடுத்தார். கூரைக்கு எவ்வளவு மரம் வேண்டும் என்று கேட்டார்.