மதினி கேட்ட திருநீறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருசமாக நோட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பத்தாவது தாண்டாதவன் நான். ஆனாலும் ஊருக்குள் இந்த விசயம் வேறு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது.

என் சம்சாரம் நாரணாபுரம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற வேலை பார்த்தாள். சீசனில் மாற்று ஆள் விடாமல் லீவு கிடையாது. எனக்கோ கடலைப் பார்க்க ஆசை. ஒரு கடற்கரைக் கிராமத்தை யாரோ செல்போனில் காட்டியிருந்தார்கள். கலங்கரை விளக்கம், மீன் ஏலம், அலைக்குப் பக்கத்திலேயே கையால் தோண்டினால் ஊறுகிற நல்ல தண்ணீர். ஊர் சுற்றப் போகிறோம் என்றால் யார் மாற்றாக வருவார்கள்? நேர்த்திக்கடன் என்றால் எங்கள் பக்கம் ஒருத்தரும் மறுக்க மாட்டார்கள். அந்தக் கிராமத்தைத் தாண்டி ஒரு கோயில் இருந்தது. அங்கே நேர்த்திக்கடன் பாக்கி என்று என் அண்ணன் பெண்சாதியிடம் பொய் சொல்லி, மாற்றாகப் போகக் கேட்டேன். மதினியும் மருந்து அடைத்தவள்தான், அந்த வேலையை விட்டு நாலு வருசம் ஆகியிருந்தது.

“சாமி காரியத்துக்கு மாட்டேன்னு சொல்லலாமா கொளுந்தனாரே? போயிட்டு வாங்க. எனக்குத் துன்னூறு மட்டும் மறக்காம கொண்டாங்க.”

பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் சம்சாரம் முதலில் கோயிலுக்குப் போய்விடுவோம் என்றாள். “சாமி எங்கன ஓடிரப் போகுது? மொத கடலப் பாப்போம்” என்றேன். மீன் ஏலம் பார்த்தோம். மணலைத் தோண்டித் தண்ணீர் குடித்தோம். அவள் மணலில் காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். சிந்திய மருந்தில் கால் உரசக் கூடாதென்று கம்பெனியில் பழகிய நடை. “இது மருந்து ரூம் இல்ல, நல்லா தேச்சு நட” என்று சிரித்தேன்.

கலங்கரை விளக்கத்துக்கு ஏறப் போகும்போது போன் வந்தது. என் சம்சாரம் வேலை பார்க்கிற மருந்து ரூம் வெடித்துவிட்டது. மதினி போய்விட்டாள்.

அப்படியே திரும்பினோம். கோயில் வாசலை மிதிக்கவில்லை. மதினியைத் துணி சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள், நெற்றி மட்டும் தெரிந்தது. துன்னூறு எங்கே என்று அண்ணன் கேட்டார். வீட்டு மாடத்தில் இருந்ததை அள்ளி, அந்தக் கோயில் திருநீறு என்று சொல்லிப் பூசினேன். அதற்கும் கை கூசவில்லை.

சாமி கூப்பிட்டுப்போய் என் சம்சாரத்தைக் காப்பாற்றியது என்று ஊர் பேசுகிறது. “சாமிகிட்ட போனீக, ஒரு உசுராவது தப்புச்சே” என்று அண்ணனே சொல்லித் தேறிக்கொள்கிறார். அதற்குத்தான் இத்தனை வருசம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சாமி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தினமும் விளக்கேற்றுகிறேன். திருநீறு எடுக்க மட்டும் கை போவதில்லை.

படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், உள்ளது உள்ளபடி. சாமி காப்பாற்றியது என்று சேர்க்க வேண்டாம். பாவம், தெரியாமல் செய்துவிட்டான் என்றும் சேர்க்க வேண்டாம். அண்ணன் காதுக்குப் போனாலும் போகட்டும்.