நன்னடத்தைச் சான்றிதழ்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யார் யோக்கியர், யார் இல்லை என்று தீர்மானிக்கும் உரிமை கோயில் தலைவருக்கு இருந்தது. தொழிற்சங்கத் தலைவரும் அவர்தான். தேர்தல் வந்தால் ஓட்டுப் பிடிப்பவரும் அவரே. அவருடைய சொந்த யோக்கியதையை யாரும் கேட்டதில்லை.

அத்தானின் அடி தாங்காமல் அக்கா எங்கள் லயத்து வீட்டுக்கே திரும்பி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எல்கடுவப் பக்கம் புதிதாகத் திறந்த முன்பள்ளியில் ஆசிரியை வேலைக்கு மனுப் போட்டாள். கோயில் தலைவர் கையெழுத்திட்ட நன்னடத்தைச் சான்றிதழ் மட்டும்தான் பாக்கி. அவரோ பேனையையே திறக்கவில்லை. புருசனை விட்டு வந்தவள் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுப்பாள் என்று என்னிடம் கேட்டார். அத்தான் அவருக்குப் போஸ்டர் ஒட்டுகிற ஆள் என்பது ஊருக்கே தெரியும்.

பிறகு பெரிய மனது பண்ணி ஒரு வழி சொன்னார்.

"திருவிழாவுக்கு ரெண்டு பேரும் சோடியா வந்து அர்ச்சனை பண்ணட்டும். ஊரு பார்க்கணும். மறுநாளே கையெழுத்துப் போடுறேன்."

அக்கா முடியவே முடியாது என்றாள். ஒரு நாள்தானே என்று நான்தான் நச்சரித்து அவளைச் சம்மதிக்க வைத்தேன். அத்தானைப் போய் அழைத்து வந்ததும் நான்தான்.

திருவிழா அன்று பிரதேச சபை உறுப்பினர் வரும்வரை அம்மனைத் தேரோடு வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். நல்ல நேரம் போய்விட்டது. ஐயர் பஞ்சாங்கத்தை விட்டுவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கலேவெலயில் இன்னொரு குடும்பம் வைத்திருக்கும் அந்த மனிதர் ஒருவழியாக வந்து இறங்கினார். தலையில் பரிவட்டம் கட்டி, கையில் மைக்கைக் கொடுத்தார்கள். குடும்பப் பெண்ணின் பெருமையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். கூட்டம் கைதட்டியது. வெட்கங்கெட்ட நானும் தட்டினேன். அக்கா அர்ச்சனைத் தட்டோடு அத்தானுக்குப் பக்கத்தில் தலைகுனிந்து நின்றாள்.

மறுநாள் கையெழுத்துக் கிடைத்தது. 'ஒழுக்கத்தில் சிறந்தவர்' என்று எழுதி, கோயில் சீலும் குத்தியிருந்தார். வேலையும் கிடைத்தது.

அத்தான் திரும்பிப் போகவில்லை. வெளியே போகச் சொல்லி நான் சண்டை பிடித்தபோது, தலைவர் வீடு தேடி வந்து, சேர்ந்த குடும்பத்தைப் பிரிப்பது பாவம் என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

அக்கா இப்போது கொளுத்தும் வெயிலிலும் மணிக்கட்டு வரை மூடிய சட்டை போட்டுக்கொண்டுதான் முன்பள்ளிக்குப் போகிறாள்.